மஃரிபுக்குப் பிறகு காருக்குச் சார்ஜ் போடாதீர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. கார், சோலார், கரண்ட் பில் மூன்றும் ஒன்றோடொன்று சிக்கிய விடயம், சுருக்கிச் சொன்னால் பாதி விளங்காது. நேரமில்லாதவர்கள் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், எங்கள் கருத்து அதுதான். ஏன் என்று கேட்பவர்களுக்குத்தான் மீதி.

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்ததிலிருந்து நம்ம ஊரிலும் மின்சாரக் கார்கள் கூடிவிட்டன. புதிய சீனக் கார்கள் ஒருபக்கம். 2014, 2015 காலத்தில் வரி குறைவாக இருந்தபோது ஜப்பானிலிருந்து வந்த பழைய நிசான் லீஃப் கார்கள் கைமாறி கைமாறி வருவது இன்னொரு பக்கம். எங்களுடையது இரண்டாவது ரகம். வீட்டில் நாங்கள் இருவருமே ஆசிரியர்கள், எங்கள் சம்பளத்துக்கு அதுதான் எட்டும். காரின் திரை இன்னும் ஜப்பான் மொழியில்தான் பேசுகிறது, நாங்களும் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

மாலையானால் ஊரில் நடப்பதைக் கவனியுங்கள். வேலை, கடை, பாடசாலை, டியூஷன் எல்லாம் முடிந்து வாகனம் வீடு வருகிறது. மஃரிப் தொழுதுவிட்டு வந்து சார்ஜ் வயரைக் கொழுவுகிறோம். காலையில் 100 வீதம் நிறைந்திருக்கிறது. போனுக்குச் செய்வதைத்தான் காருக்கும் செய்கிறோம், பழக்கம் அப்படி. ஆனால் போன் இழுப்பது பத்துப் பதினைந்து வாட். கார் இழுப்பது 3,000 வாட், புதிய கார்கள் 7,000 வாட்டுக்கும் மேல். ஒரு வீட்டில் நான்கு ஸ்திரிக்கைப்பெட்டியை மணிக்கணக்கில் போட்டுவைப்பதற்குச் சமம். அதையும் நாட்டில் கரண்ட் மிகவும் நெருக்கடியான நேரத்தில், அதாவது மாலை 6.30 தொடக்கம் இரவு 10.30 வரை. மின்சார சபையின் கணக்கில் இதற்கு உச்ச நேரம் என்று பெயர். சூரியன் இறங்கிவிட்டது, எல்லா வீட்டிலும் லைட், ஃபேன், டீவி, குக்கர். அந்த நான்கு மணித்தியாலத்தைச் சமாளிக்க நீர்மின்சாரத்துக்கு மேலதிகமாக எண்ணெய் எரிக்கும் நிலையங்களையும் ஓட்டுகிறார்கள். பெற்றோலை மிச்சம் பிடிக்கிறோம் என்று கார் வாங்கி, அதற்கு எண்ணெயில் பிறந்த கரண்ட் ஊட்டுகிறோம்.

இதே ஊரில் பகல் 12 மணிக்கு நிலைமை தலைகீழ். நம்ம கூரைகள் எல்லாம் சோலார். வெயிலுக்குக் கிழக்கில் பஞ்சமில்லை. 5 கிலோவாட் தொகுதி ஒன்று நல்ல நாளில் கிட்டத்தட்ட 20 யூனிட் தருகிறது. அதைப் பாவிக்க ஆளில்லாத நேரத்தில்தான் அது அதிகம் வருகிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் இருளானது நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்த கதையைச் சொல்லிச் சிரித்து முடித்தோம். அது ஞாயிற்றுக்கிழமை, அதுவும் பகல் வேளை என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருக்க, பாவனை குறைந்து, சோலார் கூடி, வலையமைப்பு தள்ளாடக்கூடிய நிலையில் இருந்தது. சிறிய தட்டு ஒன்று போதுமாகிவிட்டது. அதே ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைச் சோலார் வைத்திருப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை அதை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. லட்சக்கணக்கில் செலவழித்துப் பூட்டியதை, வெயில் கொளுத்தும் நேரத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள். அன்று பலர் ஏசினார்கள். ஏசியதில் நியாயமும் இருந்தது.

பகலில் கொட்டுகிறது, இரவில் தட்டுப்பாடு. நடுவில் சக்கரத்தோடு ஒரு பெரிய பெட்டரி வாசலில் சும்மா நிற்கிறது.

இந்த இடத்தில் வட்ஸ்அப் குழுவில் வழமையாக வரும் கேள்வி ஒன்று இருக்கிறது: “சேர், பகலில் போட்டாலும் இரவில் போட்டாலும் பில் ஒன்றுதானே? பிறகேன் இந்தப் பாடு?”

கேள்வி சரியானது. பதிலைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறோம். உங்களுடையது நெட் மீட்டரிங் அல்லது நெட் அக்கவுண்டிங் என்றால், மாத முடிவில் கொடுத்த யூனிட்டையும் எடுத்த யூனிட்டையும் கழித்துத்தான் பார்க்கிறார்கள். பகல் ஒரு மணிக்குக் கொடுத்த யூனிட்டை இரவு எட்டு மணிக்கு எடுத்தாலும் கணக்கில் பூச்சியம். நெட் பிளஸ் என்றால் உற்பத்தி முழுவதும் விற்பனைக்குப் போகிறது, வீட்டுப் பாவனைக்கு வேறு பில், அங்கும் நேரம் பார்த்துச் சார்ஜ் போடுவதால் சோலார் பக்கம் ஒரு சதமும் கூடாது. இதை மறைத்து, “ஸ்மார்ட் சார்ஜர் பூட்டினால் பில் பாதியாகும்” என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு எந்தப் பாதி என்று கேளுங்கள்.

அப்படியிருந்தும் நாங்கள் ஏன் இதைச் செய்தோம்?

முதலாவது, அந்தக் கழித்தல் கணக்கு ஒரு சலுகை. நாட்டின் வலையமைப்பை நமக்கு இலவசப் பெட்டரியாகத் தந்திருக்கிறார்கள். 2016இல் சூரிய பல சங்கிராமம் தொடங்கியபோது சோலாருக்கு ஆட்களைக் கொண்டுவர அது தேவைப்பட்டது. அப்போது நெட் அக்கவுண்டிங்கில் மிகுதி யூனிட்டுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15 ரூபா 50 சதம். ஆரம்பத்தில் சேர்ந்தவர்கள் இப்போது அந்த இரண்டாவது விலைக்கு இறங்கிவிட்டார்கள். 2025இல் புதிதாகச் சேர்பவர்களுக்கான கொள்வனவு விலையைக் குறைத்தார்கள். பெட்டரி வைத்து இரவு உச்ச நேரத்தில் கொடுப்பவருக்குப் பகல் யூனிட்டை விட உயர்ந்த விலை தருவதாகவும் சொன்னார்கள். போகும் திசை தெரிகிறது. பகல் யூனிட்டின் மதிப்பு இறங்கும், இரவு யூனிட்டின் மதிப்பு ஏறும். இன்று பில்லில் தெரியாத வித்தியாசம் நாளைக்குத் தெரியும். அன்றைக்குத் தேடி ஓடுவதை விட இன்றைக்கே பழகிவைப்பது நல்லது என்று நினைத்தோம்.

இரண்டாவது காரணம் எங்கள் ஒழுங்கை. ஒரே ட்ரான்ஸ்போமரில் தொங்கும் வீடுகளில் பலதிலும் சோலார் இருக்கிறது. பகலில் எல்லாரும் ஒரே கம்பிக்குள் கரண்டைத் தள்ளும்போது வோல்ட்டேஜ் ஏறுகிறது. ஒரு அளவுக்கு மேல் ஏறினால் இன்வேர்ட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், அது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு. ட்ரான்ஸ்போமருக்குத் தூரத்தில், கம்பியின் கடைசியில் இருப்பவருக்குத்தான் இது முதலில் நடக்கும். எங்கள் இன்வேர்ட்டரின் பதிவைப் பார்த்தால் வெள்ளிக்கிழமை நண்பகலில்தான் வோல்ட்டேஜ் மிக உயரத்தில் நிற்கிறது. காரணம் விளங்குகிறதா? கடைகள் பூட்டியிருக்கின்றன, ஆண்கள் எல்லாரும் ஜும்ஆவில், தையல் மெசின் இல்லை, வெல்டிங் இல்லை, அரைக்கிற மில் இல்லை. நாடு முழுவதற்கும் ஞாயிறு எப்படியோ, நமக்கு வெள்ளி அப்படி. அந்த நேரம் கார் 13 அம்பியர் இழுத்தால் எங்கள் வாசலில் 4, 5 வோல்ட் இறங்குகிறது. அது எங்களுக்கு மட்டும் இறங்கவில்லை, பக்கத்து வீட்டு ஹாஜியாரின் இன்வேர்ட்டரும் நின்றுவிடாமல் ஓடுகிறது. இரவில் இதன் மறுபக்கம். ஒழுங்கையில் மூன்று கார் ஒரே நேரம் சார்ஜ் ஏறினால் லைட் மங்குவது சோலாரும் காரும் இல்லாத வீட்டில்தான். அங்கே ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும். அண்டை வீட்டாரின் ஹக்கு பற்றிக் குத்பாவில் கேட்கிறோம், அது ட்ரான்ஸ்போமருக்கும் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம்.

சரி, எப்படிச் செய்கிறது என்று பார்ப்போம். பாடம் நடத்துவது போல இருந்தால் மன்னியுங்கள், தொழில் அது.

சுவரில் பூட்டும் பெட்டியைச் சார்ஜர் என்கிறோம், ஆனால் உண்மையான சார்ஜர் காருக்குள்தான் இருக்கிறது. சுவர்ப் பெட்டி மூளையுள்ள ஒரு சுவிட்ச் மட்டுமே. இரண்டுக்கும் நடுவில் பைலட் என்று ஒரு மெல்லிய கம்பி. அதில் ஒரு செக்கனுக்கு 1,000 தடவை ஒரு துடிப்பு போய்க்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பின் அகலம்தான் செய்தி. 10 வீதம் என்றால் “6 அம்பியருக்கு மேல் எடுக்காதே”. 25 வீதம் என்றால் 15 அம்பியர். 50 வீதம் என்றால் 30 அம்பியர். பெட்டி கரண்டைத் தள்ளுவதில்லை, இவ்வளவு வரை எடுக்கலாம் என்று அனுமதி கொடுக்கிறது, கார் அதற்குள் எடுக்கிறது. எந்த நாட்டுக் காராக இருந்தாலும் சாதாரண ஏ.சி. சார்ஜிங்கில் இந்த ஏற்பாடு ஒன்றுதான், பழைய லீஃபும் புதிய சீனக் காரும் இதே பாஷைதான் பேசுகின்றன. அந்த அகலத்தை நாம் நினைத்த நேரம் மாற்ற முடிந்தால் காரின் வாயைச் சூரியனுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். ஸ்மார்ட் என்பதன் முழுக் கதையும் இவ்வளவுதான்.

மற்றப் பாதி அளப்பது. வீட்டுக்கு வரும் மெயின் கம்பியைச் சுற்றி ஒரு சிறிய கிளாம்ப் கொழுவினால், கரண்ட் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா, எவ்வளவு என்று தெரிந்துவிடும். பல இன்வேர்ட்டர்களோடு அப்படியான மீற்றர் ஏற்கனவே வந்திருக்கும், அதன் கணக்கை ஆர்.எஸ். 485 வயர் வழியாகவே வாசிக்கலாம். வாசிக்க ஈ.எஸ்.பி. 32 என்ற உள்ளங்கை அளவு போட் ஒன்று போதும். கணக்குப் பார்க்க இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருட்கள் இருக்கின்றன, ஹோம் அசிஸ்டன்ட், ஈ.வி.சி.சி. என்று. பழைய லப்டொப் ஒன்றிலோ ரஸ்பெரி பையிலோ ஓடும். சார்ஜர் பக்கத்துக்கு ஓப்பன் ஈ.வி.எஸ்.ஈ. என்று திறந்த வடிவமைப்பே உண்டு. எங்கள் பாடசாலைத் தொழினுட்பப் பிரிவு மாணவர்கள் மூன்று பேர் இரண்டு வார விடுமுறையில் அளக்கும் பகுதியைச் செய்து முடித்தார்கள். அவர்களைத் தொடவிட்டது 5 வோல்ட் பக்கத்தை மட்டும். 230 வோல்ட் பக்கம் எங்கள் மச்சானும் அவருடைய வயரிங் பாஸும்.

கணக்கு இப்படிப் போகும். சோலார் 3,000 வாட் தருகிறது, வீடு 600 வாட் பாவிக்கிறது, மிச்சம் 2,400. அதை 230ஆல் வகுத்தால் 10 அம்பியர். காருக்கு 10 அம்பியர் அனுமதி போகிறது. உம்மா தண்ணி மோட்டாரைப் போடுகிறார், மிச்சம் 1,650 ஆகிறது, கார் 7 அம்பியருக்கு இறங்குகிறது. மோட்டார் நின்றதும் மறுபடி ஏறுகிறது. யாரும் எழுந்து போய் எதையும் தொடுவதில்லை.

ஒரு எல்லை இருக்கிறது. 6 அம்பியருக்குக் கீழே காருக்கு அனுமதி கொடுக்க முடியாது, ஏற்பாட்டிலேயே அது இல்லை. 6 அம்பியர் என்றால் கிட்டத்தட்ட 1,400 வாட். மிச்சம் அதற்குக் குறைந்தால் நிறுத்த வேண்டும். கிழக்கில் வெள்ளை முகில் ஒன்று போய் இன்னொன்று வரும், ஒவ்வொரு முகிலுக்கும் நிறுத்தித் தொடங்கினால் கொண்டெக்டர் ஒரு வருடம் தாங்காது. அதனால் நாங்கள் வைத்த விதி: மிச்சம் தொடர்ந்து 3 நிமிடம் இருந்தால் தொடங்கு, தொடர்ந்து 5 நிமிடம் குறைந்தால் நிறுத்து. நடுவில் வரும் இடைவெளிக்குக் கொஞ்சம் கரண்ட் வெளியிலிருந்து வந்தால் வரட்டும். மூன்று ஃபேஸ் இணைப்பும் மூன்று ஃபேஸ் காரும் உள்ளவர்களுக்கு இந்த எல்லை 4,100 வாட்டுக்கு மேல் போகும். 5 கிலோவாட் சோலாருக்கு அது பெரும்பாலான நேரம் எட்டாத உயரம். அவர்கள் பெட்டியை ஒற்றை ஃபேஸில் பூட்டுவதே புத்தி.

“பகல் முழுக்கக் கார் பாடசாலையில் நிற்கிறதே, வீட்டுச் சூரியன் எப்படி ஏறும்?” என்று கேட்பீர்கள். நாங்களும் இதைத்தான் முதலில் கணக்குப் போட்டோம். எங்களுக்குப் போய்வர 24 கிலோமீற்றர். ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீற்றர் என்றால் 4 யூனிட், ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் நாலரை. பாடசாலை விட்டு 2 மணிக்கு வீடு வந்தால் நாலரை மணி வரை சூரியன் 5 யூனிட் அளவில் தருகிறது. மட்டுமட்டாகப் போதும். வெள்ளிக்கிழமை நேரத்தோடு விடுகிறது, ஜும்ஆவுக்கு நடந்துதான் போகிறோம், அன்றைக்குப் 10 யூனிட் ஏறும். சனி, ஞாயிறு சொல்லத் தேவையில்லை. 100 வீதம் நிரப்பும் ஆசையையும் விட்டுவிட்டோம். லீஃபின் பெட்டரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது, நம்ம ஊர்ச் சூட்டில் நிறைத்து வைத்தால் சீக்கிரம் தேயும். மெதுவாக, 80 வீதம் வரைக்கும் ஏற்றினால் அதற்கும் நல்லது.

மாரி காலத்தில் இது ஓடாது. நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை சில நாட்களில் 5 யூனிட் கூட வராது. அப்போது ஒரே விதி, இரவு 10.30க்குப் பிறகு தொடங்கு, சுபஹுக்கு முடி. சோலாரே இல்லாதவர்களுக்கும் எங்கள் ஆலோசனை இதுதான். அதற்கு எந்த ஸ்மார்ட் பெட்டியும் வேண்டாம். அநேகமாக எல்லா மின்சாரக் காருக்குள்ளும் நேரம் குறித்து வைக்கும் வசதி இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. ஜப்பான் எழுத்தில் அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு பின்னேரம் போனது என்பது வேறு கதை. சோலார் இல்லாத வீட்டுக்காரர் ஒன்றை மட்டும் முன்கூட்டியே கணக்குப் பாருங்கள். மாதம் 600 கிலோமீற்றர் ஓடினால் 115 யூனிட் அளவில் கூடும். இதுவரை 120 யூனிட் பாவித்த வீடு 235க்குப் போகும், 180ஐத் தாண்டிய யூனிட்டுகளுக்கு விலை அதிகம்.

பெற்றோலோடு ஒப்பிட்டால்? 100 கிலோமீற்றருக்குச் சுவரிலிருந்து 20 யூனிட் என்று தாராளமாக வையுங்கள். அதை ஏற்றுமதி செய்திருந்தால் 22 ரூபா கணக்கில் 440 ரூபா கிடைத்திருக்கும், அதுதான் நமக்கு உண்மையான செலவு. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் கார், லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 2,000 ரூபா குடிக்கும். 2022 ஜூனில் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதையும், அந்த விலைக்கும் கிடைக்காமல் இரண்டு நாள் வரிசையில் நின்றதையும் சேர்க்காமலே சொல்கிறோம்.

2022ஐச் சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது, கூரையில் சோலார் இருந்தும் வீடு இருட்டாகக் கிடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். சாதாரண இன்வேர்ட்டர் வெளிக் கரண்ட் போனால் தானும் நிற்கும். கம்பியில் ஏறி வேலை செய்யும் சபை ஊழியரின் உயிருக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். நாங்கள் பூட்டிய இந்த ஏற்பாடும் கரண்ட் வெட்டில் காருக்குச் சார்ஜ் தராது. ஹைபிரிட் இன்வேர்ட்டரும் வீட்டுப் பெட்டரியும் உள்ளவருக்கு லைட், ஃபேன் எரியும். ஆனால் இரவில் வீட்டுப் பெட்டரியிலிருந்து காருக்கு ஏற்றுவது ஒரு குடத்துத் தண்ணீரை இன்னொரு குடத்துக்குச் சிந்திச் சிந்தி ஊற்றுகிற வேலை. காரிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுக்கலாம் என்பது உண்மைதான், ஜப்பானில் லீஃபுக்கு 2012இலேயே அதற்கான கருவி விற்றார்கள். அதன் விலைக்கு இங்கே இரண்டு மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்ற நிலையில் நாங்கள் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இனி வருவதைத் தயவுசெய்து பாய்ந்து போகாமல் வாசியுங்கள். ஊரில் மல்டி பிளக்கில், எக்ஸ்டென்ஷன் வயரில், ஜன்னல் வழியாக இழுத்துக் காருக்குச் சார்ஜ் போடுவதைக் காண்கிறோம். 13 அம்பியர் பிளக் கேத்தலுக்கு நல்லது, அது ஐந்து நிமிடத்தில் கொதித்து நின்றுவிடும். கார் ஆறு மணித்தியாலம் விடாமல் இழுக்கும். கடற்காற்றில் செம்பு ஏற்கனவே பச்சை பிடித்திருக்கும், அந்த இடம் சூடாகும், உருகும், பிறகு பற்றும். காருக்குத் தனி வயர், மெயினிலிருந்து நேராக, தனி பிரேக்கரோடு இழுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் சாதாரண ட்ரிப் சுவிட்சை மட்டும் நம்பவும் கூடாது. காரின் சார்ஜரில் கோளாறு வந்தால் டி.சி. கசிவு உண்டாகலாம், சாதாரண ட்ரிப் சுவிட்சுக்கு அது கண்ணை மறைக்கும், பிறகு ஆளுக்கு ஷொக் அடித்தாலும் விழாது. 6 மில்லி அம்பியர் டி.சி. கசிவைக் கண்டுபிடிக்கும் அமைப்பு சுவர்ப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் டைப் பி வகை ட்ரிப் சுவிட்ச் வேண்டும், விலை கூட. அடுத்தது எர்த். நம்முடையது மணல் தரை. கோடையில் காய்ந்தால் எர்த் கம்பி பெயருக்குத்தான் நிற்கும். மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கார் “எர்த் இல்லை” என்று சார்ஜ் எடுக்க மறுத்தால் அது பழுதல்ல, எச்சரிக்கை. அதை ஏமாற்றிச் சார்ஜ் போடும் வழியைச் சொல்லித்தரும் வீடியோக்களைப் பிள்ளைகளுக்கும் காட்டாதீர்கள்.

வீட்டு இணைப்பு 30 அம்பியர் என்றால் மொத்தம் 6,900 வாட்தான். இரவில் கார் 13 அம்பியர் எடுக்கும்போது இன்டக்ஷன் அடுப்பும் ஏசியும் ஸ்திரிக்கையும் சேர்ந்தால் மெயின் விழும். அதே கிளாம்ப் இதையும் பார்த்துக்கொள்ளும்: மொத்தம் 25 அம்பியரைத் தொட்டால் கார் 6க்கு இறங்கட்டும். எங்கள் பார்வையில் சூரியனைப் பின்தொடர்வதை விட இது முக்கியமான வசதி.

வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. பல சார்ஜர்கள் போன் ஆப் மூலம்தான் இயங்கும், அந்த ஆப்புக்கு வெளிநாட்டு சேர்வர் வேண்டும். இன்டர்நெட் போனால், அந்தக் கம்பெனி கடையைப் பூட்டினால், சுவரில் வெறும் பெட்டி மிஞ்சும். வீட்டுக்குள்ளேயே, மோட்பஸ் அல்லது ஓ.சி.பி.பி. வழியாகக் கட்டுப்படுத்த முடியுமா என்று கேளுங்கள். விற்பவருக்கு விளங்காவிட்டால் விளங்குகிற இன்னொருவரிடம் வாங்குங்கள். எங்கள் ஏற்பாட்டில் கணினி செத்துப்போனால் பெட்டி தானாக 6 அம்பியருக்கு வந்து நிற்கும். காலையில் பாடசாலைக்குப் போக அது போதும்.

இவ்வளவும் வீட்டுக் கதை. ஆனால் உண்மையைச் சொன்னால், வாகனங்கள் சூரியனுக்குக் கீழே அதிக நேரம் நிற்கும் இடம் வீடு இல்லை. காலை 7.30 தொடக்கம் 1.30 வரை எங்கள் பாடசாலை வளவில் ஆசிரியர்களின் வாகனங்கள் வரிசையாக நிற்கின்றன. மின்சார ஸ்கூட்டர்களும் இப்போது நாலைந்து. பக்கத்திலேயே முழு நீளத்துக்குக் கூரை. பள்ளிவாசலும் அப்படித்தான், ஏற்கனவே சோலார் பூட்டிய பள்ளிகள் நம்ம பக்கத்தில் உண்டு. ஜும்ஆ நேரத்தில், அதாவது வோல்ட்டேஜ் உச்சத்தில் நிற்கும் அந்த ஒன்றரை மணித்தியாலத்தில், வாசல் முழுக்க வாகனம். நாங்கள் கேட்பது பெரிய வேகச் சார்ஜர் அல்ல. ஆறு சாதாரண பொயின்ட், ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக்கர், ஒரு யூனிட் மீற்றர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கிளாம்ப். பாவிப்பவர் யூனிட்டுக்குக் காசு கொடுக்கட்டும், ஸ்கூட்டர்காரருக்கு முதலிடம் கொடுக்கட்டும். கார் வைத்திருப்பவருக்கு மட்டும் பொதுக் காசில் வசதி செய்கிறார்கள் என்ற பேச்சு வரக்கூடாது. அந்தப் பேச்சு நியாயமானதாகவும் இருக்கும்.

பாடசாலைக்கு வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும், எளிதில் கிடைக்காது என்பது தெரியும். பள்ளிக்கு அந்தச் சிக்கல் இல்லை, நிர்வாகசபை கூடினால் போதும். அடுத்த கூட்டத்தில் இதைப் பேச நேரம் கேட்டு எழுதியிருக்கிறோம். நிர்வாகசபையில் இருக்கும் சகோதரர்கள் இந்தப் பதிவைப் பார்த்தால், பள்ளியின் கடைசி ஆறு மாதக் கரண்ட் பில்லையும் சோலார் எந்த முறையில் இணைத்தது என்பதையும் தயவுசெய்து எடுத்து வையுங்கள். நெட் பிளஸ் என்றால் கணக்கு வேறு விதமாகப் போடவேண்டி வரும்.

வீட்டில் பூட்ட யோசிப்பவர்கள் சனிக்கிழமை அசருக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஓடுவதை நேரில் பார்க்கலாம். அசருக்குப் பிறகு வந்தால் தேத்தண்ணி மட்டும்தான், சூரியன் இறங்கிவிடும். வரும்போது உங்கள் பில்லையும், மெயின் சுவிட்ச் போட்டின் ஒரு போட்டோவையும் கொண்டு வாருங்கள். மச்சானும் இருப்பார்.